பழைய 325ஐ-யில் சிப் மாற்றும் முறை: நம்ம ஊர் வெயிலுக்கும் ஈ20 பெட்ரோலுக்கும்

பழைய காரின் இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர் பெட்டிக்குள், பெட்ரோலுக்கும் ஸ்பார்க்குக்குமான கணக்கு எழுதிய ஒரு சிப் இருக்கும். அந்தச் சிப்பைக் கழற்றி வேறொன்றை மாட்டுவது அரை மணி நேர வேலை. வண்டியை அதற்குத் தயார் செய்வதுதான் நாள் கணக்கில் இழுக்கும். “சிப் போட்டேனுங்க, ஒண்ணுமே தெரியலீங்க” என்றோ, “சிப் போட்டதுல இருந்து ஏத்தத்துல கடகடங்குதுங்க” என்றோ ஒருவர் வந்து நின்றால், பெரும்பாலும் மாட்டிய விதத்தில் தப்பு இருக்காது. முதல் புகாருக்குக் காரணம், வண்டியில் முன்பே இருந்த பழுது. இரண்டாவதற்குக் காரணம், சிப்பில் எழுதியிருக்கும் கணக்கு வேறு நாட்டுப் பெட்ரோலுக்கானது.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது பிஎம்டபிள்யூ ஈ30 325ஐ. 2,494 சிசி, ஆறு சிலிண்டர் எம்20 இன்ஜின், போஷ் மோட்ரானிக் 1.3 பாக்ஸ் (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர் பெட்டி), 55 பின் கப்ளர். அதே காலத்துப் போர்ஷே 944, அடுத்து வந்த ஈ36 எல்லாவற்றுக்கும் வேலை ஏறக்குறைய இதேதான். 1990-களின் கடைசியிலிருந்து வந்த பெரும்பாலான வண்டிகளில் கழற்றக்கூடிய சிப்பே கிடையாது. அவற்றில் கேபிள் மாட்டி எழுதுவார்கள். அது வேறு வேலை.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. டர்போ இல்லாத 170 குதிரைத்திறன் வண்டியில் சிப் மட்டும் மாற்றினால் 5, மிஞ்சிப் போனால் 10 குதிரைத்திறன் கூடும். நடு ஆர்பிஎம்மில் இழுவை கொஞ்சம் தெளிவாகும், ஆக்சிலேட்டருக்கு வண்டி சுறுசுறுப்பாகப் பதில் சொல்லும். அதற்கு மேல் யாராவது வாக்குக் கொடுத்தால் காசை எண்ணிக் கொடுப்பதற்கு முன் யோசியுங்கள். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் “பவர் சிப்” என்பது பெரும்பாலும் ஒரு ரெசிஸ்டர்தான். ஏர் டெம்பரேச்சர் சென்சார் ஓயரில் அதைச் செருகினால், உள்ளே போகிற காற்று குளிர்ந்திருக்கிறது என்று பாக்ஸ் ஏமாந்து பெட்ரோலைக் கூட்டிவிடும். மைலேஜ் போகும், பவர் வராது.

சிப்பில் இருப்பது என்ன

28 கால் உள்ள 27சி256 என்ற ஈப்ராம், அதாவது அழித்துத் திரும்ப எழுதக்கூடிய மெமரி சிப். மொத்தம் 32,768 பைட். அதில் பாக்ஸின் புரோகிராமும் டேபிள்களும் இருக்கின்றன. இந்த ஆர்பிஎம்மில், இவ்வளவு லோடில், ஸ்பார்க் எத்தனை டிகிரி முன்னால் அடிக்க வேண்டும், இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த டேபிள்களில்தான். ஆக்சிலேட்டரை அடிவரை மிதிக்கும்போது மட்டும் பயன்படும் தனி டேபிள்களும் உண்டு. விலைக்கு வரும் பெர்ஃபார்மன்ஸ் சிப்கள் பெரும்பாலும் கைவைப்பது இந்தத் தனி டேபிள்களிலும், ரெவ் லிமிட் எனும் ஆர்பிஎம் உச்ச வரம்பிலும்தான்.

எம்20 இன்ஜினில் டிஸ்ட்ரிப்யூட்டரைத் திருப்பி டைமிங் வைக்கிற கதையே இல்லை. கிராங்க் சென்சாரைப் பார்த்து பாக்ஸ்தான் டைமிங்கை முடிவு செய்கிறது. டிஸ்ட்ரிப்யூட்டர் கரண்டைப் பங்கு வைப்பதோடு சரி. ஆகவே சிப் கொடுக்கிற டைமிங் அதிகமாகிப் போனால் வெளியிலிருந்து குறைக்க வழியில்லை, சிப்பிலேயேதான் குறைக்க வேண்டும். டைமிங் மிஞ்சினால் சிலிண்டருக்குள் பெட்ரோல் நேரங்கெட்டுத் தானாக வெடித்து இன்ஜின் அடிபடும், அதுதான் நாக்கிங். அதைக் கண்டுபிடிக்கும் நாக் சென்சாரும் மோட்ரானிக் 1.3-ல் கிடையாது. இன்ஜின் அடிபடுவது பாக்ஸுக்குத் தெரியவே தெரியாது.

சிப் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

முதலில் த்ராட்டில் சுவிட்ச். த்ராட்டில் பாடியின் அடியில் மூன்று முனையோடு இருக்கும் சின்னப் பெட்டி. நடு முனை பொது. ஒரு பக்கம் ஐடிலிங், மறுபக்கம் முழு மிதி. மல்டிமீட்டரைக் கண்டினியூட்டியில் வைத்து, உள்ளே ஒருவரை உட்கார்த்தி ஆக்சிலேட்டரை மெதுவாக மிதிக்கச் சொல்லுங்கள். காலை எடுத்திருக்கும்போது ஐடிலிங் முனை சேர வேண்டும். கொஞ்சம் அசைத்ததும் “டிக்” என்று விட வேண்டும். அடிவரை மிதித்தால் மறுமுனை சேர வேண்டும். இந்த இரண்டாவது சேரவில்லை என்றால் முழு மிதி டேபிளை பாக்ஸ் தொடவே தொடாது. எவ்வளவு விலை கொடுத்துச் சிப் போட்டாலும் பழைய வண்டி பழைய வண்டிதான். “ஒண்ணுமே தெரியலீங்க” என்கிற புகாரில் நாம் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. ஆக்சிலேட்டர் கேபிள் தொய்ந்து, மிதி தரையைத் தொட்டும் த்ராட்டில் முழுக்கத் திறக்காமல் இருப்பதும் உண்டு. தரை மேட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பாருங்கள்.

டேஷ்போர்டில் செக் எஞ்சின் விளக்கு உள்ள வண்டி என்றால் பழுதுக் குறியைப் படிக்க ஸ்கேனர் தேவையில்லை. சாவியைப் போட்டு, ஸ்டார்ட் செய்யாமல், ஐந்து வினாடிக்குள் ஆக்சிலேட்டரை ஐந்து முறை அடிவரை மிதியுங்கள். விளக்கு நான்கு இலக்க எண்ணாக மினுக்கும். 1215 என்றால் ஏர்ஃப்ளோ மீட்டர் (உள்ளே போகும் காற்றை அளப்பது), 1221 லாம்டா சென்சார் (புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை அளப்பது), 1222 மிக்சர் (காற்றும் பெட்ரோலும் கலக்கும் விகிதம்) எல்லை தாண்டியது, 1223 தண்ணீர் டெம்பரேச்சர் சென்சார், 1224 காற்று டெம்பரேச்சர் சென்சார். 1444 வந்தால் பழுது ஏதும் பதிவாகவில்லை. மிதித்தும் விளக்கு கண்டுகொள்ளவே இல்லை என்றால் திரும்பவும் முழு மிதி சுவிட்சைத்தான் சந்தேகப்பட வேண்டும், பாக்ஸ் அந்த ஐந்து மிதியை எண்ணுவது அதை வைத்துத்தான்.

அடுத்தது ரப்பர். ஏர்ஃப்ளோ மீட்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே இருக்கும் மடிப்பு ஹோஸை முழுதாகக் கழற்றி வெளியே எடுங்கள். மடிப்பை விரித்து வெளிச்சத்தில் பார்த்தால்தான் வெடிப்பு தெரியும். நம்ம ஊர்ச் சூட்டில் முப்பது வருட ரப்பர் அடிப்பக்கமாகத்தான் முதலில் விடும். அந்த வழியாக மீட்டர் கணக்கில் வராத காற்று நுழைந்தால் மிக்சர் லீன் ஆகும், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இருக்காது. அதோடு டைமிங்கை ஏற்றிய சிப்பும் சேர்ந்தால் பிஸ்டனுக்கு நல்லதில்லை.

தண்ணீர் டெம்பரேச்சர் சென்சார் 20 டிகிரியில் 2.2 முதல் 2.7 கிலோ ஓம் வரை, 80 டிகிரியில் 300 முதல் 360 ஓம் வரை காட்ட வேண்டும். காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது ஒரு தடவை, சூடாக ஓட்டி வந்து ஒரு தடவை அளந்தால் போதும். ஏர்ஃப்ளோ மீட்டரின் மூடியைப் பிரிக்க வேண்டாம். உள்ளே இருக்கும் பிளாப்பைக் கையால் மெதுவாகத் தள்ளிக்கொண்டே சிக்னல் ஓயரில் வோல்டேஜைப் பாருங்கள். இடையில் விழாமல் தொடர்ச்சியாக மாற வேண்டும். ஊசி மீட்டர் இருந்தால் இந்த வேலைக்கு டிஜிட்டலை விட அதுதான் நல்லது.

ஃபியூவல் பிரஷர், ரெகுலேட்டரின் வாக்குவம் ஹோஸைக் கழற்றிய நிலையில் 3.0 பார். குறைந்தால் முதலில் ஃபில்டர், பிறகு பம்ப். ஸ்பார்க் பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். கம்ப்ரஷன் டெஸ்டில் ஆறு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் வர வேண்டும். டைமிங் பெல்ட் மாற்றி நான்கு வருடம் தாண்டியிருந்தால், இல்லை எப்போது மாற்றியது என்றே தெரியாவிட்டால், சிப் காசை அதற்குப் போடுங்கள். எம்20-ல் பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் அடிக்கும், ஹெட்டைக் கழற்றியே ஆக வேண்டும்.

பெட்ரோல்தான் பெரிய விஷயம்

ஐரோப்பாவிலிருந்து வரும் சிப்கள் பல, 98 ஆக்டேன் பெட்ரோலுக்கு எழுதியவை. எத்தனால் கலப்பு இன்றைய அளவுக்கு இல்லாத காலத்துக் கணக்கு. இன்று நம்ம பங்க்குகளில் ஊற்றுவது ஈ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

வெறும் பெட்ரோல் ஒரு கிலோ முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலந்தால் கணக்கு சுமார் 13.5-க்கு இறங்கும். அதாவது அதே காற்றுக்கு 8 சதவீதம் போல அதிகமாகப் பெட்ரோல் விட வேண்டும். லாம்டா சென்சார் உள்ள வண்டி சாதாரணமாக ஓடும்போது இதைத் தானே சரிக்கட்டிவிடும். முழு மிதியில் பாக்ஸ் சென்சார் பேச்சைக் கேட்காமல் டேபிளில் உள்ளபடி விடும். லாம்டா என்பது உள்ளே போகும் காற்றை, சரியாக எரியத் தேவையான காற்றோடு ஒப்பிட்ட எண்: 1 என்றால் கணக்குச் சரி, அதற்குக் குறைந்தால் பெட்ரோல் அதிகம். சிப் எழுதியவர் லாம்டா 0.87 வைத்திருந்தால் ஈ20-ல் அது 0.94, 0.95 என்று போய் நிற்கும். எத்தனாலுக்கு நாக்கிங்கைத் தாங்கும் குணம் கூடுதல்தான், ஆனால் அந்த லாபத்தை லீன் மிக்சரின் சூடு தின்றுவிடும்.

கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (புகையைச் சுத்தம் செய்வது) இல்லாத ஐரோப்பிய மாடலில் லாம்டா சென்சாரே இருக்காது. கம்ப்ரஷனும் 8.8-க்குப் பதில் 9.7. அந்த வண்டி எல்லா நிலையிலும் லீனாக ஓடும், நாக்கிங்குக்கும் சீக்கிரம் போகும். ஏர்ஃப்ளோ மீட்டரில் உள்ள சிஓ ஸ்க்ரூவைத் திருகினால் ஐடிலிங் மட்டும்தான் சரியாகும், மேலே ஒன்றும் மாறாது.

சரிசெய்ய இரண்டு வழி. ஒன்று, சிப் ஃபைலில் முழு மிதி ஃபியூவல் டேபிளை 8 சதவீதம் ஏற்றி எழுதுவது. மற்றது, 3.0 பார் ரெகுலேட்டருக்குப் பதில் 3.5 பார் போடுவது. இன்ஜெக்டர் விடும் அளவு பிரஷரின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 3.5-ஐ 3-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 1.08. நமக்கு வேண்டியதும் அதே 8 சதவீதம்தான். சென்சார் இல்லாத வண்டிக்கு இந்த இரண்டாவது வழி ஒரே அடியில் எல்லா நிலைக்கும் சேர்த்துச் சரிசெய்துவிடும். ரெகுலேட்டர் மாட்டும் இடத்தின் அளவு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

பெட்ரோல் ஹோஸ்களையும் இதோடு மாற்றிவிடுங்கள். எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்து மெத்தென்று ஆக்கிவிடும். இன்ஜெக்ஷன் பிரஷருக்கும் எத்தனாலுக்கும் ஏற்றது என்று மேலே அச்சடித்திருக்கும் ஹோஸ் வாங்க வேண்டும். கார்புரேட்டர் வண்டிக்கு விற்கும் மலிவு ஹோஸ் 3 பாரைத் தாங்காது.

சிப்பை எழுதுவது

ரெடிமேடாக வாங்கினால், பாக்ஸின் லேபிளில் உள்ள போஷ் எண்ணின் கடைசி மூன்று இலக்கமும் சிப்பில் சொன்னதும் ஒன்றாக இருக்க வேண்டும். 0 261 200 173-க்கு எழுதியதை 153-ல் போடக் கூடாது. வண்டி ஒன்றுதானே என்று போட்டால் ஸ்டார்ட்டே ஆகாமல் போகலாம்.

நீங்களே எழுதுவதாக இருந்தால் யூஎஸ்பி-யில் மாட்டும் ஈப்ராம் புரோகிராமர் ஒன்று வேண்டும். டிஎல்866 வகை போதும். கோவை, திருப்பூரில் பழைய மில் மெஷின் போர்டு சர்வீஸ் செய்யும் கடைகளில் விசாரித்துப் பாருங்கள். அந்த போர்டுகளிலும் இதே ஜாதி சிப்கள் இருந்ததால் புரோகிராமரும் யூவி அழிப்பானும் சிலரிடம் இருக்கும். டேபிள்களைப் பார்த்துத் திருத்த டியூனர்ப்ரோ என்ற இலவச சாஃப்ட்வேரும், உங்கள் பாக்ஸ் எண்ணுக்கான விளக்க ஃபைலும் வேண்டும்.

எதற்கும் முன்னால் ஒரிஜினல் சிப்பைப் படித்துச் சேமியுங்கள். மூன்று தடவை படியுங்கள். மூன்று ஃபைலும் பைட்டுக்கு பைட் ஒன்றாக இருந்தால்தான் நம்பலாம். மாறி மாறி வந்தால் சிப்பின் கால்களில் கறை படிந்திருக்கிறது என்று அர்த்தம். காண்டாக்ட் க்ளீனர் போட்டுத் துடைத்துத் திரும்பப் படியுங்கள்.

புதிதாக எழுத 27சி256-ஐ விட 27எஸ்எஃப்512 வசதி. கரண்டிலேயே அழித்துத் திரும்ப எழுதலாம், யூவி விளக்கு வேண்டாம். ஆனால் இது 64 கிலோபைட், இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். 27சி256-ல் 1-ஆம் கால் எழுதும் வோல்டேஜுக்கானது, அதனால் போர்டில் அது வழக்கமாக 5 வோல்ட்டோடு கட்டப்பட்டிருக்கும். 512-ல் அதே கால் மேல் பாதியா கீழ்ப் பாதியா என்று தேர்ந்தெடுக்கும் முகவரிக் கால். அதில் எப்போதும் 5 வோல்ட் இருப்பதால் பாக்ஸ் மேல் பாதியை மட்டுமே படிக்கும். 32 கிலோபைட் ஃபைலைக் கீழ்ப் பாதியில் மட்டும் எழுதிவிட்டு மாட்டினால் இன்ஜின் மூச்சே விடாது. ஃபைலை அடுத்தடுத்து இரண்டு முறை ஒட்டி 64 கிலோபைட் ஆக்கி எழுதிவிட்டால் குழப்பமே இல்லை.

டேபிளை மாற்றியபின் செக்சம்மை (ஃபைல் சரியா என்று பார்க்க உதவும் கூட்டுத்தொகை) திருத்தி, எழுதிய பிறகு வெரிஃபை கொடுங்கள். ரெவ் லிமிட்டை 6,700-க்கு மேல் ஏற்றாதீர்கள். ஒரிஜினல் 6,500 பக்கம். எம்20-ல் முதலில் உடைவது ராக்கர் ஆர்ம், இன்ஜினின் பவரும் அந்த ஆர்பிஎம்முக்கு முன்பே இறங்க ஆரம்பித்திருக்கும். கேட்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

கண்ணாடி ஜன்னல் உள்ள சிப் என்றால் ஜன்னல் மேல் வெளிச்சம் புகாத ஸ்டிக்கர் ஒட்டுங்கள். நேர் வெயிலில் ஒரு வாரம் கிடந்தால் இந்த வகைச் சிப்பில் எழுதியது அழிந்துபோகும்.

கழற்றி மாட்டுவது

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிக் கால் மணி நேரம் விடுங்கள். பாக்ஸில் கற்றுவைத்திருக்கும் பழைய திருத்தங்களும் இதில் அழியும், அதுவும் நமக்குத் தேவைதான். ஈ30-ல் பாக்ஸ் கிளவ் பாக்ஸுக்கு மேலே. கிளவ் பாக்ஸை இறக்கினால் தெரியும். கப்ளரின் ஒரு முனையில் ஸ்பிரிங் கிளிப் இருக்கும். அதைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கத்தை மட்டும் வெளியே சாய்த்தால் மறுமுனை கொக்கியிலிருந்து தானாக விடும். நேராக இழுத்தால் கொக்கி உடையும். ஓயரைப் பிடித்து இழுக்கவே கூடாது.

பாக்ஸை மேசைக்குக் கொண்டுபோய்ப் பிரியுங்கள். ஸ்க்ரூக்களை எடுத்துவிட்டு, அலுமினிய மூடியின் மடிப்புக் காதுகளை ஒருமுறை மட்டும் நிமிர்த்துங்கள், திரும்பத் திரும்ப மடக்கினால் ஒடியும். உள்ளே இரண்டு போர்டு இருந்தால் நடுவே இணைக்கும் பட்டையையும் அளவோடுதான் விரிக்க வேண்டும். மாசி, பங்குனியில் காற்று காய்ந்து கிடக்கும்போது பாலியஸ்டர் சட்டையோடு சீட்டில் நகர்ந்து இறங்கினாலே உடம்பில் ஸ்டாட்டிக் ஏறிவிடும். ரிஸ்ட் ஸ்ட்ராப் கட்டி, அதன் கிளிப்பைப் பாக்ஸின் உலோகத்தில் மாட்டிக்கொண்டு உட்காருங்கள்.

தொடுவதற்கு முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சிப்பின் ஒரு முனையில் அரைவட்டப் பள்ளம் இருக்கும், அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். சிப்பின் மேல் லாக் செய்யும் பிளாஸ்டிக் இருந்தால் அதை முதலில் விடுவியுங்கள். பிறகு மெல்லிய தட்டை ஸ்க்ரூடிரைவரைச் சிப்புக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே செருகி, இந்தப் பக்கம் ஒரு மில்லிமீட்டர், அந்தப் பக்கம் ஒரு மில்லிமீட்டர் என்று மாற்றி மாற்றி நெம்புங்கள். சாக்கெட்டுக்கும் போர்டுக்கும் நடுவே செருகினால் போர்டின் கோடுகள் அறுந்துவிடும். சாக்கெட்டே இல்லாமல் நேராகச் சால்டர் செய்த போர்டு என்றால், டீசால்டரிங் ஸ்டேஷன் உள்ளவரிடம் கொடுத்து எடுத்து, நல்ல 28 கால் சாக்கெட் வைத்துத் தரச் சொல்லுங்கள். 25 வாட் அயர்னையும் உறிஞ்சியையும் வைத்து முதல் முறை பழகிப் பார்க்கிற இடம் இதுவல்ல.

புதுச் சிப்பின் கால்கள் கடையிலிருந்து வரும்போதே வெளிப்பக்கம் விரிந்திருக்கும். மேசையின் மேல் சிப்பைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, ஒரு வரிசைக் கால்களை மொத்தமாக மெல்ல அழுத்தி நேராக்குங்கள், பிறகு மறுவரிசை. இரண்டு வரிசைக்கும் இடைவெளி 15.24 மில்லிமீட்டர் வர வேண்டும். 28 காலும் ஓட்டைக்கு நேரே நிற்கிறதா என்று லென்ஸில் பார்த்தபின் இரண்டு கட்டை விரலால் சமமாக அழுத்துங்கள். ஒரே ஒரு கால் உள்பக்கமாகச் சிப்பின் அடியில் மடங்கிக்கொண்டு, மேலிருந்து பார்க்க எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரிவதுதான் இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் தப்பு. பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள்.

பள்ளத்தை மாற்றிப் போட்டால் மன்னிப்பே கிடையாது. 14-ஆம் கால் எர்த், 28-ஆம் கால் 5 வோல்ட். சிப்பைத் திருப்பிப் போட்டால் இரண்டும் இடம் மாறிவிடும். சாவி போட்ட சில வினாடியில் சிப் கை வைக்க முடியாமல் கொதித்துச் செத்துப்போகும்.

முதல் ஸ்டார்ட்

மூடியைக் கடைசியாக மடக்குவதற்கு முன், பாக்ஸைக் கப்ளரில் மாட்டி ஒருமுறை ஸ்டார்ட் செய்து பாருங்கள். உலோகம் எதுவும் போர்டில் படாமல் அடியில் துணியோ அட்டையோ இருக்கட்டும். கிராங்க் ஆகியும் பற்றவில்லை என்றால் சாவியை எடுத்து, பேட்டரியைக் கழற்றி, பழைய சிப்பைப் போடுங்கள். பழையதில் ஓடினால் புதுச் சிப்பின் ஃபைலோ காலோ தப்பு. பழையதிலும் ஓடவில்லை என்றால் கப்ளர் சரியாக உட்காரவில்லை, இல்லை சாக்கெட்டில் ஏதோ ஆகிவிட்டது. இந்த ஒரு சோதனை முடியாமல் வேறு எதையும் கழற்ற ஆரம்பிக்காதீர்கள்.

ஓடினால், இன்ஜின் சூடேறும்வரை ஐடிலிங்கில் விடுங்கள். கொஞ்சம் ஏறி இறங்கி ஆடினால் பயப்பட வேண்டாம், பாக்ஸ் திரும்பக் கற்றுக்கொள்கிறது. ஒன்றிரண்டு நாள் சாதாரணமாக ஓட்டிய பிறகும் ஆடினால் ஐடில் வால்வைக் கழற்றிக் கழுவுங்கள். ஓடிக்கொண்டே இருந்து மேடு பள்ளத்தில் திடீரென்று மிஸ்ஸிங் ஆகிறது, இல்லை அணைகிறது என்றால் சிப் சாக்கெட்டிலிருந்து மெல்ல மேலே ஏறியிருக்கலாம். சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி வருவதால் இப்படி ஆகும். அழுத்தி உட்காரவைத்து, லாக் பிளாஸ்டிக்கைத் திரும்ப மாட்டுங்கள்.

நாக்கிங்கைக் கண்டுபிடிப்பது

சோதனை ஓட்டத்துக்கு ஊட்டி மலை ஏறுபவர்கள் உண்டு. அங்கே போய் ஒன்றும் தெரியவில்லை என்றால் சிப் நன்றாக இருக்கிறது என்று ஆகாது. உயரம் ஏற ஏறக் காற்று மெலியும். 2,240 மீட்டரில் உள்ள ஊட்டியில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு போலக் குறைவு. சிலிண்டரில் அழுத்தம் குறையும், நாக்கிங் ஒளிந்துகொள்ளும். பிளாப் வகை ஏர்ஃப்ளோ மீட்டர் காற்றின் எடையைச் சரியாகக் கணக்கிடாமல், அங்கே மிக்சரையும் ரிச் (பெட்ரோல் அதிகம்) ஆக்கிவிடும். ஆக, மலைமேல் வண்டி பத்திரமான பக்கத்தில்தான் இருக்கும். கரூர், ஈரோடு பக்கம் சித்திரை மத்தியான வெயிலில், தரை மட்டத்தில், ஏசி போட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். அதுதான் நிஜமான பரீட்சை.

வைட்பேண்ட் லாம்டா மீட்டர் இல்லாமல் முழு மிதிச் சோதனை செய்யாதீர்கள். மீட்டரை 14.7 கணக்கில் வைக்காமல் லாம்டாவிலேயே வையுங்கள். பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு இருந்தாலும் லாம்டா எண் பொய் சொல்லாது. முழு மிதியில் 0.85 முதல் 0.88 வரை நிற்க வேண்டும். 0.92 தாண்டினால் உடனே காலை எடுங்கள்.

மூன்றாவது கியரில் 2,500 ஆர்பிஎம்மிலிருந்து அடிவரை மிதித்து 4,500 வரை கேளுங்கள். இந்த இன்ஜினின் டார்க் உச்சம் 4,300 பக்கம், அடிபடுவதும் அதை ஒட்டித்தான். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போன்ற சத்தம் கேட்டால் அது நாக்கிங். ஜன்னலை இறக்கிவிட்டு, ஒரு சுவரை ஒட்டிப் போகும்போது தெளிவாகக் கேட்கும். மேல் ஆர்பிஎம்மில் இன்ஜின் இரைச்சல் மூடிவிடும் என்பதால் காதை மட்டும் நம்பாமல் பிளக்கையும் பாருங்கள். முழு மிதியில் போய், கிளட்ச்சை மிதித்து இன்ஜினை அணைத்து, ஓரம் கட்டிப் பிளக்கைக் கழற்றி லென்ஸில் பார்த்தால், வெள்ளைப் பீங்கானில் பொடிப் பொடியாகக் கறுப்போ வெள்ளியோ தெறித்திருந்தால் அடிபடுகிறது. வெள்ளிப் புள்ளி என்றால் பிஸ்டன் அலுமினியம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அன்றைக்கு ஓட்டத்தை நிறுத்திவிடுங்கள்.

கேட்ட ஆர்பிஎம் பகுதியில் முழு மிதி டைமிங்கை 2 டிகிரி குறைத்து எழுதி மறுபடி பாருங்கள். சத்தம் நின்ற இடத்திலிருந்து இன்னும் 2 டிகிரி குறைத்து நிறுத்துங்கள். பங்க்குக்குப் பங்க் பெட்ரோல் ஒரே மாதிரி இருக்காது, அதற்கான இடைவெளி இது. இதற்கு அப்புறமும் அடித்தால் டைமிங்கை விட்டுவிட்டு கூலிங், ரேடியேட்டர் ஃபேன், சிலிண்டருக்குள் படிந்த கார்பன் என்று பார்க்க வேண்டும்.

இந்தச் சோதனைகளைப் பைபாஸில் செய்யாதீர்கள். டைனோ (வண்டியை நிறுத்திவைத்து உருளையில் ஓட்டிப் பவர் அளக்கும் மெஷின்) கிடைத்தால் அதில் செய்யுங்கள், இல்லாவிட்டால் கோவை பக்கம் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற டிராக்கில் நாள் பார்த்துப் போங்கள்.

டர்போ வண்டி என்றால்

போர்ஷே 944 டர்போவில் இரண்டு பாக்ஸ். ஒன்று இன்ஜினுக்கு, மற்றது நாக்கிங்கையும் பூஸ்டையும் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) பார்க்கும் கேஎல்ஆர். இரண்டிலும் சிப் உண்டு. ஒரே ஆள் ஒன்றாக எழுதிய ஜோடியைத்தான் போட வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. டர்போவில் சிப் போட்டால் பவர் நிஜமாகவே கணிசமாக ஏறும், அதே வேகத்தில் ஹெட் கேஸ்கெட்டும் போகும். வேஸ்ட்கேட் (பூஸ்டை மட்டுப்படுத்தும் வால்வு), வாக்குவம் ஹோஸ்கள், ஃபியூவல் பிரஷர் மூன்றும் புதிதுபோல் இல்லாத வண்டியில் தொடாதீர்கள்.

சட்டமும் சர்டிபிகேட்டும்

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, ஆர்சி-யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 182ஏ(4)-இன்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் சொல்லிவிடுங்கள். பிஎஸ்-2 (பாரத் ஸ்டேஜ் 2) விதிக்கு முந்தைய பெட்ரோல் காருக்கு புகைச் சோதனை எல்லை சிஓ (கார்பன் மோனாக்சைடு) 3 சதவீதம், ஹெச்சி (எரியாத ஹைட்ரோகார்பன்) 1,500 பிபிஎம். ஐடிலிங் டேபிளைத் தொடாத நல்ல சிப் இதில் தடுமாறாது. தடுமாறினால் முதலில் லாம்டா சென்சாரைப் பாருங்கள், பிறகு சிஓ ஸ்க்ரூவை.

ஒரிஜினல் சிப்பைக் கறுப்பு ஸ்டாட்டிக் ஃபோமில் குத்தி, பாக்ஸ் எண்ணை எழுதி வீட்டில் வையுங்கள். வண்டியின் கிளவ் பாக்ஸில் போட்டு வைத்தால் வண்டி கை மாறும்போது அதுவும் போய்விடும்.